மறக்காத சில்லு பிறந்த கதை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பஞ்சில் பொதிந்து ஒரு மெமரி கார்டு. நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர், கனம் 1 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. மேற்பக்கம் கறுப்பு, அதில் '2 ஜிபி' என்ற எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் எட்டுத் தங்கநிறப் பட்டைகள். உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும்.

இதை வாங்கியது 2010 வாக்கில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு செல்போன் கடையில். 'பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்' என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். கடைப் பையன் கார்டை வாங்கி ரீடரில் செருகுவான். "அண்ணாச்சி, இளையராஜா போடவா, புதுப்பாட்டு போடவா?" என்று கேட்பான். கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து நகரும். பத்து நிமிடத்தில் ஐந்நூறு பாட்டு நகத்தளவு சில்லுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அன்று எங்களுக்கு இண்டர்நெட் எட்டாக் கனி. அந்தக் கார்டுதான் ரேடியோ, ஆல்பம், டைரி எல்லாம்.

இன்று நான் வைத்திருக்கும் போனில் அந்தக் கார்டைச் செருக இடமே இல்லை. எடுக்கும் படமெல்லாம் கிளவுட் என்கிற மேகத்துக்குப் போய்விடுகிறது. கார்டா, கிளவுடா என்று கேட்காத வீடில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்று என்று தெரிந்தது. இரண்டும் மறதிக்கு மருந்தாகப் பிறந்தவை. மறந்தது யார் என்பதில்தான் கதை பிரிகிறது.

முதல் மறதி: இயந்திரத்துடையது

கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். நொடிக்குப் பலமுறை அதை எழுப்பி எழுப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஆகவே காக்கவேண்டியதைக் காந்த நாடாவிலோ, சுழலும் காந்தத் தட்டிலோ எழுதிவைத்தார்கள். அவை நின்று நிலைத்தன. ஆனால் சுழல மோட்டார் வேண்டும், கனம் அதிகம், கீழே விழுந்தால் ஆபத்து. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடமுடியாது.

கரண்ட் போனாலும் மறக்காத சில்லுக்கு வித்திட்டவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த இருவர்: கொரியாவில் பிறந்த டாவோன் காங், சீனாவில் பிறந்த சைமன் ஸீ. 1967-இல் அவர்கள் சொன்ன வழி இதுதான். டிரான்சிஸ்டருக்குள் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு சுவரால் நான்கு பக்கமும் அடைத்த ஒரு சின்ன அறை வைப்போம். கதவு கிடையாது, சன்னல் கிடையாது. அதற்குள் எலெக்ட்ரான்களைத் தள்ளிவிட்டால் வெளியே வர வழியின்றி அங்கேயே கிடக்கும். உள்ளே எலெக்ட்ரான் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1.

கதவில்லாத அறைக்குள் எப்படிப் போவது? மின்னழுத்தத்தைக் கூட்டினால் எலெக்ட்ரான்கள் அந்த மெல்லிய சுவரை ஊடுருவிவிடும். அணு அளவில் நடக்கும் இயற்பியல் அதற்கு இடம் கொடுக்கிறது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் சுவர் மறுபடி சுவராகிவிடும். எங்கள் ஊரில் விதைநெல்லை வைக்கோற்பிரிக்குள் வைத்துச் சுற்றி, மேலே மண்ணும் சாணமும் பூசி மெழுகிக் கோட்டை கட்டி வைப்பார்கள். அடுத்த விதைப்புவரை உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். இந்தச் சில்லின் ஒவ்வொரு அறையும் அப்படி ஒரு விதைக்கோட்டைதான்.

1971-இல் இண்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் இந்த உத்தியில் ஒரு சில்லைச் செய்தார். எழுதலாம், கரண்ட் இல்லாமலும் நிற்கும். அழிப்பதுதான் பெரும்பாடு. சில்லின் தலையில் ஒரு குட்டிக் கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார்கள். அதன்வழியே புற ஊதா ஒளியை இருபது நிமிடம்போலக் காட்டினால்தான் எழுதியது அழியும். தற்செயலாக வெயில் பட்டு அழிந்துவிடக்கூடாதே என்று சன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவைப்பார்கள். பிறகு மின்சாரத்தாலேயே அழிக்கும் சில்லு வந்தது. அது ஒவ்வொரு பைட்டாகத் தேடித் தேடி அழித்தது. அதற்காக ஒவ்வொரு அறைக்கும் இரண்டு டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. இடமும் கூடியது, விலையும் ஏறியது.

ஈரத்துணியும் கேமரா வெளிச்சமும்

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ஃபுஜியோ மசுவோக்கா. 1943-இல் ஜப்பானின் தக்கசாகி ஊரில் பிறந்தவர். தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று 1971-இல் தோஷிபா நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பைட் பைட்டாக அழித்தே தீரவேண்டும் என்று யார் சொன்னது?

கரும்பலகையில் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டுவதும் உண்டு, ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைப்பதும் உண்டு. மசுவோக்கா துணியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றால் ஓர் அறைக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும். சில்லு சிறுக்கும், விலை இறங்கும். தனித்தனியாக அழிக்கும் வசதியைக் கைவிட்டதால்தான் கைக்கு அடக்கமான நினைவகம் கிடைத்தது. ஒன்றை விட்டால்தான் ஒன்று கிடைக்கும் என்பது வடிவமைப்பாளர்களுக்கெல்லாம் பாடம்.

பெயர் வைத்தவர் அவருடைய சகா ஷோஜி அரியிசுமி. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் அழிவதைப் பார்த்தபோது அவருக்குக் கேமராவின் ஃப்ளாஷ் வெளிச்சம் நினைவுக்கு வந்ததாம். ஃப்ளாஷ் மெமரி என்ற பெயர் நிலைத்துவிட்டது. நெடுநாள் காப்பதற்கென்றே இருக்கும் பொருளுக்கு அது அழியும் வேகத்தை வைத்துப் பெயர் அமைந்தது.

1984 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எலெக்ட்ரான் சாதனங்கள் மாநாட்டில் மசுவோக்கா இதை அறிவித்தார். அமெரிக்க நிறுவனங்கள் உடனே விழித்துக்கொண்டன. 1988-இல் இண்டெல் ஃப்ளாஷ் சில்லை வணிகப் பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1987-இல், மசுவோக்காவின் குழு அடுத்த படிக்குப் போய்விட்டிருந்தது. அதுதான் நாண்ட் ஃப்ளாஷ். முதல் வகையில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி மின்வழி விடவேண்டியிருந்தது. புதிய வகையில் அறைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோலக் கோத்தார்கள். எங்கள் பக்கத்து வளவு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒரே வாசல். உள்ளே போனால் வரிசையாக எட்டு, பத்துக் குடித்தனம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தெரு போடத் தேவையில்லாததால் அதே மனையில் அதிகம் பேர் குடியிருக்கலாம். மெமரி கார்டு, பென் டிரைவ், இன்று உங்கள் போனுக்குள் இருக்கும் 128 ஜிபி, 256 ஜிபி எல்லாம் இந்த வளவுக் கட்டுமானம்தான்.

உலகமே பயன்படுத்தும் பொருளைக் கண்டுபிடித்தவருக்கு அவர் வேலைபார்த்த இடத்தில் உரிய மரியாதை கிடைக்கவில்லை. 1994-இல் தோஷிபாவை விட்டு வெளியேறித் தாம் படித்த தோஹோக்கு பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரானார். 2004-இல் தம் கண்டுபிடிப்புக்கு ஈடாக 100 கோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2006-இல் 8.7 கோடி யென்னில் சமரசம் ஆனது. நம் குழந்தையின் முதல் சிரிப்பை, ஊர்த் திருவிழாவை, போய்ச் சேர்ந்தவர்களின் குரலைக் கட்டிக் காப்பது இவர் மூளையில் உதித்த பொருள். அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நகத்தளவாகச் சுருங்கிய வழி

சில்லு கிடைத்துவிட்டது. அதைச் செருகி எடுக்கும் அட்டையாக்கும் வேலையில் முன்னே ஓடியது 1988-இல் கலிஃபோர்னியாவில் எலி ஹராரி, சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் மூவரும் தொடங்கிய நிறுவனம். மெஹ்ரோத்ரா கான்பூரில் பிறந்தவர். சன்டிஸ்க் என்று தொடங்கி, 1995-இல் சான்டிஸ்க் என்று பெயர் மாறியது.

தொண்ணூறுகளில் ஆளாளுக்கு ஓர் அட்டை கொண்டுவந்தார்கள். ஒரு கேமராவின் அட்டை மற்றதில் நுழையாது. 1999-இல் சான்டிஸ்க், தோஷிபா, இன்று பானசோனிக் என்று அழைக்கப்படும் மட்சுஷிதா ஆகிய மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. தபால்தலை அளவு. கேமராவுக்கு அது பொருந்தியது. செல்போனுக்கு அதுவும் பெரிது. 2003-இல் மினி எஸ்டி வந்தது. 2004-இல் சான்டிஸ்க் அதைவிடச் சிறிய டிரான்ஸ்ஃப்ளாஷ் கார்டைக் கொண்டுவந்தது. முதலில் அதை ஏற்றவை மோட்டோரோலா போன்கள். 2005-இல் அதுவே மைக்ரோ எஸ்டி என்ற பொதுத் தரமானது. என் தீப்பெட்டியில் தூங்குவது அந்த வம்சம்தான். தொடக்கத்தில் சில பத்து எம்பி மட்டும் கொண்ட அந்த அளவு அட்டைக்குள் 2019-இல் 1 டிபி வந்துவிட்டது. வெளியளவு ஒரு நூலிழைகூடக் கூடவில்லை.

இரண்டாம் மறதி: மனிதனுடையது

இயந்திரத்தின் மறதி தீர்ந்தது. மிஞ்சியது நம் மறதி.

டிரூ ஹூஸ்டன் என்ற இளைஞர் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகத் திட்டம். லேப்டாப்பைத் திறந்த பிறகுதான், ஃபைல்கள் இருந்த பென் டிரைவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. மசுவோக்காவின் சில்லு எதையும் மறக்கவில்லை. அதை எடுத்துவைக்க மனிதன் மறந்துவிட்டான். இனி இப்படி நடக்கக்கூடாது என்று அந்தப் பஸ்ஸிலேயே அவர் எழுதத் தொடங்கிய நிரல்தான், ஃபைல்களை இணையத்தில் வைத்து எங்கிருந்தும் எடுக்க உதவும் டிராப்பாக்ஸாக வளர்ந்தது. அராஷ் ஃபெர்டௌசியுடன் சேர்ந்து 2007-இல் நிறுவனம் தொடங்கினார். 2008-இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது.

அதற்குத் தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 2006 மார்ச்சில் அமேசான் தன் சேமிப்பிடத்தை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தது. டிராப்பாக்ஸ் தொடக்க காலத்தில் குடியிருந்தது அந்த வாடகை வீட்டில்தான். பொறியாளர்கள் வரைபடம் போடும்போது, கோட்டுக்கு அப்பால் இருக்கும் வலைப்பின்னலை ஒரு மேகப் படமாக வரைந்து காட்டுவது வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போதைக்குக் கவலைப்படவேண்டாம் என்பது அதன் பொருள். அந்தப் படமே கிளவுட் என்ற பெயராயிற்று.

பெயரில்தான் மேகம். இருப்பதென்னவோ தரையில். ஜெனரேட்டர் வைத்து, நாள் முழுக்கக் குளிரூட்டி, காவல் போட்டு நிற்கும் கட்டடங்கள். 2015-இல் மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் திறந்த மூன்று கிளவுட் மையப் பகுதிகளில் ஒன்று சென்னை. அந்தக் கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காகச் சுழலும் காந்தத் தட்டுகளும், அவற்றோடு ஃப்ளாஷ் சில்லுகளும் இருக்கின்றன. நீங்கள் மேகத்துக்கு அனுப்பிய படம் அங்கேயும் ஒரு தட்டிலோ விதைக்கோட்டையிலோதான் போய்ச் சேர்கிறது. கோட்டை உங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். ஒரே கோட்டையை நம்பாமல் பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்கிறார்கள் என்பது அதன் பலம்.

2011 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐகிளவுடை அறிவித்தார். அதுவரை எல்லாவற்றுக்கும் மையமாக இருந்த வீட்டுக் கம்ப்யூட்டரை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மேகத்தை உட்காரவைத்தார். இலவசமாக 5 ஜிபி. அடுத்த ஆண்டு கூகுள் டிரைவ் வந்தது. 2015 மே மாதம் கூகுள் ஃபோட்டோஸ், தரத்தைச் சற்றே குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எத்தனை படமானாலும் இலவசம் என்றது.

மறுபக்கம் போன்களில் கார்டுக்கான இடம் மூடத் தொடங்கியது. ஐபோனுக்கு 2007-இல் பிறந்தபோதே அது கிடையாது. சாம்சங் 2015-இல் கேலக்ஸி எஸ்6-இல் எடுத்தது. வாங்குபவர்கள் முணுமுணுக்கவே அடுத்த ஆண்டு எஸ்7-இல் திருப்பிக் கொடுத்தது. 2021-இல் எஸ்21-இல் மறுபடி எடுத்துவிட்டது. போனுக்குள்ளேயே பதித்த சேமிப்பகம் செருகும் கார்டைவிடப் பலமடங்கு வேகமானது என்பது உண்மையான காரணம். தரம் குறைந்த கார்டைப் போட்டால் போனே மந்தமாகிவிடும். ஆனால் கூடுதல் இடம் வேண்டுமென்றால் கூடுதல் விலைக்குப் போன் வாங்கு, இல்லாவிட்டால் மாதவாடகை கட்டு என்ற நிலையும் அதோடு சேர்ந்தே வந்தது.

நம் ஊரில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது டேட்டா விலை. 1 ஜிபி டேட்டாவை மாதம் முழுக்க இழுத்து இழுத்து ஓட்டிய காலத்தில், படத்தை மேகத்துக்கு ஏற்ற யாரால் முடியும்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. கையிலிருந்த சேமிப்பு மெல்ல மேகத்துக்குக் குடிபோனது. ஜங்ஷன் கடைக் கதவில் ஒட்டியிருந்த 'பாட்டு ஏற்றித் தரப்படும்' போர்டு எப்போது கிழிந்து விழுந்தது என்று நான் கவனிக்கவே இல்லை.

மூன்றாம் மறதி: குடிவைத்தவருடையது

மேகத்துக்கும் மறதி உண்டு. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் சைட்கிக் என்ற போன் வைத்திருந்தவர்கள் ஒரு நாள் தங்கள் தொடர்பு எண்கள், படங்கள் எல்லாம் மாயமாகிவிட்டதைக் கண்டார்கள். அந்தப் போன் அவற்றையெல்லாம் நிறுவனத்தின் சர்வரில்தான் வைத்தது, சர்வர் படுத்துவிட்டது. பல நாள் போராட்டத்துக்குப் பின் பெரும்பாலானவை மீட்கப்பட்டன. அந்த நாட்களின் தவிப்பு பெரிய பாடம்.

வாக்கும் மாறும். கூகுள் ஃபோட்டோஸின் அளவில்லா இலவசம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மெயில், ஃபைல், படம் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கூகுள் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பர்முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒருவர் இறந்துபோய், அவருடைய பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒத்திசைவையும் பேக்கப்பையும் ஒன்றென்று நினைப்பது. "மெமரி ஃபுல்னு வருது, அதான் கிளவுட்ல இருக்கே" என்று போனின் கேலரியில் படத்தை அழிக்கிறார்கள். போனும் மேகமும் ஒத்திசைந்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கூகுள் ஃபோட்டோஸில் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும்; அதற்குப் பிறகு இல்லை. போனில் மட்டும் இடம் காலிசெய்யத் தனி வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பயன்படுத்தவேண்டும்.

கார்டும் அமரத்துவம் பெற்றதல்ல. எழுதி அழிக்க அழிக்க அந்த ஆக்சைடு சுவர் தேயும். வருடக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் போட்டுவைத்தால் உள்ளே அடைபட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும். விதைக்கோட்டையையும் ஆண்டுகள் பல கடந்து பிரித்தால் நெல் முளைக்காது. கார்டு தொலைந்தாலோ, எடுத்தவர் எந்தப் போனில் செருகினாலும் உங்கள் வீட்டுப் படம் அவர் கண்முன் நிற்கும்.

ஆகவே கார்டா, கிளவுடா என்ற கேள்விக்கு என் பதில் இரண்டும்தான். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய ஒரு கணக்கு இருக்கிறது: எதற்கும் மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். இயந்திரம் மறந்தால் மனிதன் காப்பான், மனிதன் மறந்தால் மேகம் காக்கும், மேகம் மறந்தால் கையிலிருப்பது காக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் மறப்பது அரிது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்த 2 ஜிபி கார்டு இருந்த பட்டன் போன் என்றோ செத்துவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். போன வருஷம் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது தீப்பெட்டி கையில் தட்டுப்பட்டது. ஒரு கார்டு ரீடர் வாங்கி வந்து, பட்டைகளை மெல்லிய துணியால் துடைத்துச் செருகினேன். முதல்முறை ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி செருகினேன். திரையில் ஒரு ஃபோல்டர் திறந்தது. பாட்டுகளுக்கு அடியில், தேதியை மட்டுமே பெயராகக் கொண்ட ஒரு குரல் பதிவு. நான்கு நிமிடம் சொச்சம். வெளியூரில் இருந்த என் மனைவி கேட்டாள் என்று, தேங்காய்ப்பால் சொதி வைக்கும் பக்குவத்தை அம்மாவைச் சொல்லச் சொல்லிப் பதிந்தது.

அன்றைக்கே அதை லேப்டாப்பில் ஒன்று, மேகத்தில் ஒன்று என்று பிரதி எடுத்தேன். தங்கைக்கும் அனுப்பினேன். கார்டைப் பஞ்சில் பொதிந்து தீப்பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். காங், ஸீ, மசுவோக்கா என்று முகம் தெரியாத மூன்று பேர் எழுப்பிய கதவில்லாத அறைக்குள் இத்தனை வருஷம் கசியாமல் கிடந்திருக்கிறது அந்தக் குரல்.

"முதல் பாலைக் கடைசில ஊத்து தாயி. ஊத்தினப்புறம் கொதிக்க விட்டிராத."